தாழ்வாரத்தில் பூச்செடி: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலிலும் சமூகத் தோட்டத்திலும் பூச்செடி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஊரில் தோட்டம் போட்டுக் கைதேர்ந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். ஆடியில் விதை, தையில் அறுவடை என்ற கணக்கு இந்தத் தீவில் எடுபடாது. இங்கே செடியின் விதியை முடிவு செய்வது உங்கள் வாசல் பார்த்திருக்கும் திசை.

எங்கள் தாழ்வாரத்தில் பூச்செடி வருமா? எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். விடுமுறை நாளில், தொட்டி வைக்கப்போகும் இடத்தில் உள்ளங்கையை நீட்டி நிழலைக் கவனியுங்கள். விரல்களின் ஓரம் கூர்மையாக விழுந்தால் அது நேரடி வெயில். மங்கலாகப் பரவினால் அது வெறும் வெளிச்சம். கூர்மையான நிழல் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரம் என்றால் மல்லிகை வைக்கலாம். மூன்று மணி என்றால் கனகாம்பரம். அதற்கும் குறைவென்றால் பூவை மறந்து இலைச்செடிக்குப் போவது நல்லது.

ஒரு நாள் பார்த்தால் மட்டும் போதாது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 1.3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் பிற்பகுதியிலும் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அது வடக்கே சாய்ந்து போகும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் வெயில் அடிக்கும், டிசம்பரில் ஒரு கீற்றுகூட விழாது. தெற்குப் பார்த்ததில் இதற்கு நேர்மாறு. “ஆறு மாசம் நல்லாப் பூத்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு, யாரோ கண்ணு வச்சுட்டாங்க” என்று சொல்பவர்கள் திசைகாட்டியைப் பார்க்கட்டும். கிழக்கு, மேற்கு வாசலுக்கு ஆண்டு முழுக்க அரை நாள் வெயில் உண்டு. மேற்கு வாசலில் பிற்பகல் வெயில் சுடும், தொட்டி சீக்கிரம் காயும். எதிரே அடுத்த புளோக் உயரமாக நின்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

மல்லிகை இலை இலையாக விடுகிறது, பூக்கவே இல்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது வெயில் குறைவு. இதற்கு மருந்து கிடையாது, இடத்தை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, கத்தரி படாத செடி. குண்டுமல்லி புதிதாகத் துளிர்க்கும் கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். தமிழ்நாட்டில் கார்த்திகை வாக்கில் மொத்தமாக வெட்டிவிடுவார்கள், குளிர் முடிந்து துளிர்த்துப் பங்குனி சித்திரையில் குவியும். இங்கே குளிர் என்று ஒன்று கிடையாது. செடி தானாக ஓய்வெடுக்காமல் கொடியாக நீண்டுகொண்டே போகும். ஆகவே ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும், பூத்த கிளைகளில் பாதி நீளத்தை நீங்களே வெட்டிவிட வேண்டும். உள்நோக்கி வளரும் குச்சிகளையும் எடுத்துவிடுங்கள். சில வாரங்களில் துளிரோடு மொட்டு வரும். வெட்ட மனசு வராதவர்கள்தான் அதிகம். அவர்கள் வீட்டில் பச்சைப் புதர் இருக்கும், பூ இருக்காது.

மூன்றாவது, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம். காய்கறிக் கழிவு உரத்தையும் கோழி எருவையும் அள்ளிப் போட்டால் இலை கரும்பச்சையாய்ப் பளபளக்கும், செடி பூப்பதைத் தள்ளிப்போடும். பூச்செடிக்கென்று விற்கும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலான உரத்தைச் சிறிதளவு, மாதம் இருமுறை கொடுங்கள். வெட்டிவிட்ட பிறகு முதல் இரண்டு வாரம் எதுவும் வேண்டாம்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கடையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வரும் செடியை அப்படியே வைத்திருந்தால் வேர் சுற்றிச் சுற்றி முடிச்சுப்போட்டுவிடும்.

மொட்டு ஊதா கலந்து சிவந்து, விரியாமல் உதிர்கிறது. நோயா?

பெரும்பாலும் மொட்டு ஈ. கொசுவைவிடச் சின்ன ஈ மொட்டுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு கீழே குதித்து மண்ணுக்குள் கூட்டுப்புழு ஆகும். சந்தேகமிருந்தால் ஒரு மொட்டைக் கீறிப் பாருங்கள், வெளிறிய நூல்போல் நெளியும். மருந்து அடிப்பதைவிடக் கை வேலைதான் இதற்குச் சரி. கெட்ட மொட்டு ஒன்று விடாமல் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மண்ணில் உதிர்ந்ததையும் பொறுக்குங்கள். மேல்மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் சுழற்சி அறுந்துபோகும். ஒரு செம்பருத்தியோ டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டோ பக்கத்தில் இருந்தால் அதன் மொட்டையும் பாருங்கள். அதே ஈ அங்கேயும் குடியிருக்கும்.

மொட்டில் ஓட்டை இருந்து, மொட்டுகள் பட்டுநூலால் பின்னிக்கொண்டு கிடந்தால் அது மொக்குப்புழு. அதற்கும் முதல் வைத்தியம் கிள்ளி எறிவதே. பிறகு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

நிழல் விழும் வாசல். சாமிக்கு ஏதாவது ஒரு பூ வேண்டும்.

கனகாம்பரம். சிங்கப்பூர்த் தாழ்வாரத்துக்கென்றே செய்துவைத்த செடி என்பேன். அரை நிழலைத் தாங்கும், ஈரக்காற்று பிடிக்கும், ஆண்டு முழுக்கக் கதிர் விடும். பறித்த பூ இரண்டு மூன்று நாள் வாடாது. மணமில்லை என்பதுதான் குறை. கதிர் காய்ந்ததும் வெட்டிவிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் படாரென்று வெடித்து விதை தெறிக்கும். பிள்ளைகளிடம் ஒரு காயும் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், அன்று முழுக்கத் தொந்தரவு இருக்காது. விதை வைக்காத ரகங்களைக் குச்சி நட்டுப் பெருக்கலாம்.

நந்தியாவட்டையும் ஓரளவு நிழலைப் பொறுத்துக்கொள்ளும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் வெயில் கேட்பவை.

செவ்வந்தி வாங்கி வந்தபோது பூவாக இருந்தது. அதன்பிறகு ஒரு மொட்டுகூட இல்லையே?

உங்கள் தாழ்வார விளக்கைப் பாருங்கள். செவ்வந்தி நீண்ட இருட்டை எண்ணிப் பூக்கும் செடி. இங்கே இரவு ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம், அது போதும்தான். ஆனால் இரவு முழுக்க எரியும் விளக்கடியில் தொட்டி இருந்தால் செடிக்கு இருட்டே கிடைக்காது. வளரும், பூக்காது. மலேசியாவின் கேமரன் மலையில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். செடி உயரமாகும்வரை இரவில் விளக்குப் போட்டுவைத்து, தேவையான உயரம் வந்ததும் அணைத்துப் பூக்கவிடுகிறார்கள். நீங்கள் விளக்கு எட்டாத மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். அப்படியும் இந்தச் சூட்டில் கேமரனின் பூ அளவு வராது. செவ்வந்தியைக் கடையில் வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

தீபாவளிக்குச் செண்டுமல்லி வேண்டும். எப்போது விதைக்கலாம்?

ஆகஸ்டில். முளைக்க ஒரு வாரம், பூக்க இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூட. நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ அதிகமாகும். மழைதான் எதிரி. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை பிடித்தால் கனத்த பூ தண்ணீரைக் குடித்து உள்ளிருந்து அழுகும். திறந்த தோட்டமென்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். தாழ்வாரத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவர்களுக்கு வெயில்தான் பற்றாது. மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச்சுக்கென்று இன்னொரு முறை விதைத்தால் அப்போது வருவதே அழகான பூ.

மாலையிலிருந்து உதிர்த்த பூவைக் காயவைத்து விதைக்கிறார்கள் பலர். சில முளைக்கும், பல முளைக்காது. மாலைக்குப் பறிக்கும் பூ இளசு, விதை முற்றியிருக்காது.

பன்னீர் ரோஜா?

வைக்கலாம், ஆனால் கரும்புள்ளி நோயோடு குடும்பம் நடத்தத் தயாராக இருங்கள். உயர்மாடியில் காற்று வீசும் வாசல் என்றால் பிழைக்கும். காலையில், இலை நனையாமல், அடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

என்ன மண் போடுவது?

பையில் விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் போட்டால் சில மாதங்களில் இறுகிக் கல்லாகிவிடும். தண்ணீர் மேலேயே நிற்கும், வேர் மூச்சுத்திணறும். தாம்சன் சாலைப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் சுட்ட மண் கேட்டு வாங்குங்கள், கட்டி கட்டியாக இருக்கும். அதில் பாதி, மக்கிய உரம் கால், தேங்காய் நார்த்தூள் கால் என்று கலக்கலாம். மழை நேரடியாக விழும் இடமென்றால் நார்த்தூளைக் குறையுங்கள். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வறட்சியில் சாகும் செடியைவிட ஈரத்தில் அழுகும் செடிதான் அதிகம்.

கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றலாமா?

செடிக்கு நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கு? நாலு நாள் புளித்த புண்ணாக்குத் தண்ணீரின் வாடை தாழ்வாரத்தில் பத்து வாசலைத் தாண்டும். மீன் கழுவிய தண்ணீரும் அப்படியே, கூடவே பூனையையும் எலியையும் அழைத்து வரும். சமூகத் தோட்டத்தில் ஊற்றுங்கள். வாசலில் மணமில்லாத உருண்டை உரமே போதும்.

தாழ்வாரத்தில் எவ்வளவு தொட்டி வைக்கலாம்?

குறைந்தது 1.2 மீட்டர் நடைவழி தடையின்றி இருக்க வேண்டும். தீ விபத்து நேரத்தில் ஆட்களை வெளியேற்றவும் தூக்குப்படுக்கை கொண்டுபோகவும் இந்த இடம் வேண்டும். தள்ளுவண்டியிலோ சக்கர நாற்காலியிலோ வரும் அண்டைவீட்டுப் பாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது, வெளிப்புறம் தொங்கவிடுவது இரண்டும் கூடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும், வழக்கும் வரும். நகர மன்றத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினால் வாதாடாமல் நகர்த்திவிட்டுப் பிறகு பேசுங்கள். ஒதுக்கிக் கொடுத்தால் அவர்களும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

கொசுவுக்கு என்ன செய்வது? அதிகாரிகள் வந்து பார்ப்பார்களாமே.

வருவார்கள். வீட்டில் கொசுப்புழு இருந்தால் முதல் தடவைக்கே 200 வெள்ளி அபராதம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் முதல் குற்றவாளி. முடிந்தால் தட்டே வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்கச் சொல்வதற்குக் காரணமுண்டு: ஏடிஸ் கொசுவின் முட்டை ஈரம் இல்லாமலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள், மேலே தேங்கும் தண்ணீரிலும் அது முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரமே போதும். ஊருக்குப் போகும் முன் தட்டு, வாளி, பூவாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போங்கள். சாமி அறையில் பூப் போட்டு வைக்கும் உருளித் தண்ணீரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் தாமரைத் தொட்டி வைக்கவே முடியாதா?

வைக்கலாம், மீன் விட்டு. கப்பி மீன் நாலைந்து போதும், புழுவைத் தின்றுவிடும். ஆனால் தாமரைக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். தாழ்வாரத்தில் இலை மட்டும்தான் வரும். சமூகத் தோட்டத்திலோ தரைவீட்டு முற்றத்திலோ முயலுங்கள்.

ஆர்க்கிட் வளர்க்க ஆசை. தேசிய மலரையே வளர்க்கலாமா?

வாண்டா மிஸ் ஜோக்கிம் 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தஞ்சோங் பகார் தோட்டத்திலிருந்து வெளியுலகுக்குத் தெரியவந்த கலப்பின மலர், 1981இல் தேசிய மலரானது. கொடிபோல் ஏறும், கொளுத்தும் வெயில் வேண்டும். வெட்டவெளித் தோட்டத்துக்கே அது பொருந்தும். தாழ்வாரத்துக்கு டென்ட்ரோபியம் வாங்குங்கள். மண்ணில் நடாதீர்கள், கரித்துண்டுகளில் வையுங்கள். இங்கே கல்யாண மாலைகளில் ஆர்க்கிட் சேர்த்துக் கட்டுவது இப்போது சகஜம். மல்லிகையைப்போல் மண்டபத்துக் குளிரில் கருகாமல் நிற்கும் என்பதால் எனக்கும் பிடிக்கும்.

மதுரையிலிருந்து மல்லிகைப் பதியன் எடுத்து வரலாமா?

பெட்டிக்குள் ஒளித்து எடுத்து வராதீர்கள். வேரும் மண்ணும் உள்ள செடிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். பூச்சியும் நூற்புழுவும் மண்ணோடு பயணம் செய்யும், அதற்குத்தான் இந்தக் கெடுபிடி. குண்டுமல்லி இங்கேயே தாராளமாகக் கிடைக்கிறது. அண்டைவீட்டுச் செடியில் ஒரு குச்சி கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை.

வாசலில் இடமில்லை. நிலம் எங்கே கிடைக்கும்?

இரண்டு வழி. 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் தீவு முழுக்க 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் வட்டாரத் தோட்டத்தில் சனிக்கிழமை காலை யார் தண்ணீர் ஊற்றுகிறார்களோ அவரிடமே கேளுங்கள், படிவத்தைவிட அது வேகம். மற்றது, பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் தோட்டப் பாத்தி. ஒரு பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்று ஆண்டுக் குத்தகை. போட்டி அதிகம், குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைத்தால் மூன்று குண்டுமல்லி, ஒரு வரிசை செண்டுமல்லி, வேலியோரம் சங்குப்பூ என்று தாராளமாக வைக்கலாம். மரமாக வளரும் பவளமல்லியை மட்டும் பாத்தியில் நடாதீர்கள். சமூகத் தோட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் நடலாம். உதிர்ந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம் என்று நம் வழக்கம் விதிவிலக்குக் கொடுத்த பூ அது.

சாலையோரச் செண்பகத்தில் பறிக்கலாமா?

கூடாது. பூங்காக்களிலும் அரசு நிலத்திலும் உள்ள செடி மரங்களில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். அடியில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு போவதற்குத் தடையில்லை.

எந்தப் பூவைச் சமையலில் சேர்க்கலாம்?

சங்குப்பூ இந்த மண்ணின் சமையல் பூ. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள், பெரனாக்கான் பலகாரங்களில் நீலம் ஏற்றுவது இதுதான். பத்துப் பன்னிரண்டு பூவை வெந்நீரில் போட்டால் கருநீலச் சாறு இறங்கும். இடியாப்ப மாவில் கலந்து பாருங்கள், பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். கொடி வெயிலில் வேகமாக ஏறும், விதை போட்டாலே போதும், பயறு குடும்பம் என்பதால் உரமும் அதிகம் கேட்காது. ரோஜாக் என்ற காய்கனிக் கலவையில் நறுக்கிப் போடும் புங்கா காந்தானும் பூமொட்டுத்தான், ஆனால் அது ஆளுயரத்துக்கு மேல் போகும் செடி, தோட்டத்துக்கே சரி. செம்பருத்தி இதழைக் கஷாயமாகவோ தலைக்கு எண்ணெயாகவோ காய்ச்சலாம். ஆவாரம்பூக் குடிநீர் சர்க்கரைக்கு நல்லதென்று குடிப்பவர்கள், மருந்தும் சாப்பிடுகிறீர்களென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

கடையில் வாங்கிய பூவைச் சாப்பிடாதீர்கள். அது சாப்பாட்டுக்கென்று வளர்த்ததில்லை, என்ன மருந்து அடித்தார்களோ. உங்கள் செடியிலும் மருந்து அடித்திருந்தால் அதே கதைதான்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. எதை வைக்கக்கூடாது?

செவ்வரளி. சிவனுக்கு உகந்தது என்று வைத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் அதன் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். மஞ்சள் அரளியும் அப்படியே. செங்காந்தளும் கொடிய விஷம், அதன் கிழங்கு இன்னும் மோசம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையைத் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லிகையை எப்போது பறிப்பது, எப்படி வைத்திருப்பது?

மாலை ஐந்து ஆறு மணிக்கு. வெள்ளையாய்ப் பருத்து, இன்னும் வாய் திறக்காத மொட்டு. இரவில் தலையில் இருக்கும்போது விரியும். மறுநாளுக்கென்றால் நனைத்துப் பிழிந்த துணியிலோ வாழையிலையிலோ சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஈரம் சொட்டினால் பழுப்பாகும், மூடாமல் வைத்தால் மணமும் போகும், பக்கத்திலிருக்கும் தயிரிலும் மல்லிகை வாசம் வரும். கட்ட வாழைநார் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நனைத்த பருத்தி நூல்.

வீட்டுச் செடியிலேயே மாலை கட்டும் அளவு பூ வருமா?

வராது. நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்துக்கு நூறு மொட்டாவது வேண்டும். ஒரு தொட்டி நல்ல நாளில் ஒரு கைப்பிடி கொடுக்கும். மாலைக்கும் சரத்துக்கும் தேக்காவில் கேம்பல் லேன், பஃபலோ ரோடு பூக்கடைகள் இருக்கின்றன. தைப்பூசம், பொங்கல் வாரத்தில் விலை ஏறும், முதல்நாளே சொல்லிவைத்தால் கிடைக்கும். வீட்டுச் செடி சாமி படத்துக்குத் தினமும் நாலு பூ கொடுத்தால் போதும் என்று நினைத்து வளர்ப்பவர்கள்தான் ஐந்து வருடம் கழித்தும் வளர்க்கிறார்கள். மாலைக் கணக்குப் போட்டு இருபது தொட்டி அடுக்கியவர்கள் அடுத்த வருடம் தொட்டிகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொட்டியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், கூட்டில் படாமல் அடியில். செடியை நகர்த்தாதீர்கள், வெட்டாதீர்கள். குஞ்சு பறக்க மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை கத்தரி வேலை நிற்கட்டும்.

பூஜையில் வாடிய பூவை என்ன செய்வது?

கால்வாயிலோ கடலிலோ போடுவது இங்கே குப்பை போட்ட குற்றமாகும். சரிகை, நைலான் நூல், தெர்மோகோல் இவற்றைப் பிரித்தெடுத்துவிட்டு, பூவை உதிர்த்து ஒரு நாள் காயவையுங்கள். பிறகு தொட்டி மண்ணில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து மேலே மண் மூடுங்கள். மேலாகப் போட்டால் சின்ன ஈ மொய்க்கும். ஒரு தொட்டிக்கு வாரம் ஒரு கைப்பிடி போதும். மீதியைச் சமூகத் தோட்டத்து உரக்குழியில் சேர்த்துவிடுங்கள். வாழைநார் தானாக மக்கிவிடும், அதைப் பிரிக்க வேண்டாம்.